கவரில் நிற்பவன்

கபடியில் ஊர் பார்ப்பது பாடிப் போகிறவனை. விசில் அவனுக்கு, மைக்கில் பேர் அவனுக்கு, மறுநாள் டீக்கடைப் பேச்சும் அவனைச் சுற்றித்தான். நான் கொஞ்ச காலமாக வலது கவரில் நிற்கிற ஒரு பையனைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். தருமபுரி மாவட்டத்துக் கல்லூரி அணி ஒன்றுக்கு ஆடுகிறான். பேர் வேண்டாம். இந்த வயதில் பேரை எழுதிவைத்தால் அது அவனுக்குப் பாரம்.

காலையில் மைதானத்து ஓரமாக நடக்கப் போகிறபோது அவர்கள் பயிற்சி நடக்கும். ஒரு பக்கம் போலீஸ் தேர்வுக்கு ஓடுகிற பையன்கள், இன்னொரு பக்கம் இவர்கள். கோடு போட்ட செம்மண் களம். மேட் விரித்து ஆடுவது போட்டிக்குப் போகும்போது மட்டும். நான் நடையை முடித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன்.

*

ஏழு பேர் நிற்கும் வரிசையில் இரண்டு ஓரத்திலும் கார்னர். அவர்களை அடுத்து இன், அதற்கு உள்ளே கவர், நடுவில் சென்டர். கார்னருக்கு வேலை காலில். கணுக்காலைப் பிடித்து இழுப்பது, தொடையைக் கட்டுவது. கவருக்கு வேலை வழியில். பாடி வருகிற ரைடர் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்புகிற நொடியில் குறுக்கே போய் அடைக்க வேண்டும். அதை பிளாக் என்பார்கள். ஓடிவந்து மோதி எல்லைக்கு வெளியே தள்ளினால் டேஷ்.

பிடித்தால் அணிக்கு ஒரு பாயிண்ட். ஆட்டக்காரர் கணக்கில் அது முதல் பிடி போட்டவன் பேரில் ஏறும். கார்னர் பாய்ந்து கணுக்காலைப் பிடிக்கிறான். ரைடர் ஒற்றைக் காலில் தத்தி, உடம்பை நீட்டி, விரல்நுனியால் கோட்டைத் தொடப் பார்க்கிறான். கவர் வந்து இடுப்பைக் கட்டித் தரையோடு அமுக்குகிறான். பாயிண்ட் கார்னருக்கு. கவர் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போய் நிற்கிறான். ஒரு ஆட்டத்தில் இது ஐந்தாறு தடவை நடக்கும். கடைசியில் ஸ்கோர் ஷீட்டை எடுத்துப் பார்த்தால் அவன் பேருக்கு நேரே ஒன்றோ இரண்டோ இருக்கும். சில நாள் ஒன்றுமே இருக்காது.

அந்த வெறும் கட்டத்தைத்தான் நான் படிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

*

ஒரு நாள் களத்துக்கு மிக அருகில் போய் உட்கார்ந்து அவன் பாதங்களை மட்டும் பார்த்தேன். குதிகால் தரையில் படவில்லை. படாமல் இருப்பது வெளியே தெரியவும் இல்லை; ஒரு காகிதம் நுழைகிற அளவுக்குத்தான் இடைவெளி. பெருவிரல் மண்ணில் அழுந்தியிருந்தது. ரைடர் இடப்பக்கம் போனால் வலது பாதம் மட்டும் சற்றே திரும்பும், மறுபடி பழைய இடத்துக்கு வரும். பக்கத்தில் நிற்கிற இன் பையனின் மணிக்கட்டை முழுக்கையாலும் பிடிக்காமல், சுண்டுவிரலாலும் மோதிரவிரலாலும் கொக்கி போட்டிருந்தான். மற்ற மூன்று விரல்களும் சும்மா இருந்தன. விடவேண்டிய நேரத்தில் விட அதுதான் வசதி என்று பிறகு புரிந்தது. முழுக்கையால் பிடித்தவன் பிரித்துக்கொண்டு கிளம்புவதற்குள் ரைடர் கோட்டைத் தாண்டியிருப்பான்.

கண் ரைடரின் முகத்தில் இல்லை, கையில் இல்லை. இடுப்பில் இருந்தது. அவர்களுடைய பி.டி. சார் திரும்பத் திரும்பச் சொல்வது இது: "கை பொய் சொல்லும்டா, தலை பொய் சொல்லும், கால்கூட சொல்லும். இடுப்பு சொல்லாது." நல்ல ரைடர் தலையை ஒரு பக்கம் வெட்டி, தோளை இன்னொரு பக்கம் ஆட்டி, எதிரில் நிற்கிற ஏழு பேரையும் அசைத்துவிடுவான். அசைந்தவன் மாட்டிக்கொள்வான். பொய்க்கு அசையாமல் இருப்பது உடம்பில் இருக்கிற பொறுமை. புத்தியில் எவ்வளவு பொறுமை இருந்தாலும் உடம்புக்கு அது இறங்க வருடக்கணக்கில் ஆகும்.

*

ஒரு ரெய்டுக்கு முப்பது நொடி. அதில் பிடிக்கத் தகுந்த நேரம் அரை நொடிகூட இல்லை. மிச்ச நேரம் முழுக்கக் காத்திருப்பது.

காத்திருக்க முடியாதவன் முன்னால் பாய்வான். அட்வான்ஸ் என்று சொல்வார்கள். கூட்டத்துக்கு அது பிடிக்கும், தைரியமாகத் தெரியும். தவறினால் எதிரணிக்குப் பாயிண்ட், பாய்ந்தவன் வெளியே. அவனோடு போச்சு என்றும் இல்லை. ஆறு பேராகிவிட்ட வரிசையில் இடைவெளி விழுந்திருக்கும். அடுத்த ரெய்டு அந்த இடைவெளிக்குள்தான் வரும்.

போன பொங்கல் சமயம் மின்னொளிப் போட்டி ஒன்றில் இவர்கள் அணி ஆடியது. கடைசி நிமிடங்கள். எதிரணிக்கு டூ ஆர் டை ரெய்டு, பாயிண்ட் எடுக்காமல் திரும்பினால் ரைடர் அவுட். வந்தவன் இவர்களைச் சீண்டிப் பார்த்தான். தொடையைத் தட்டினான், கிட்டத்தட்ட கைக்கெட்டும் தூரத்தில் முதுகைக் காட்டினான். கூட்டம் "புடிறா, புடிறா" என்று கத்துகிறது. கவரில் நின்ற இவன் நகரவில்லை. எனக்கே பொறுக்கவில்லை. இருபத்தைந்து நொடி தாண்டியதும் வேறு வழியில்லாமல் ரைடர் கார்னர் பக்கம் காலை நீட்டினான். இவன் அதற்குப் பிறகு கிளம்பினான். பிடித்தது கார்னர்தான். இவன் போய் நின்ற இடம்தான் ரைடர் திரும்ப நினைத்த இடம். கூட்டம் கார்னர் பையனைத் தோளில் தூக்கியது. சிறந்த பிடிப்பவர் பரிசும் அவனுக்கே. இவன் கைதட்டினான், அதில் எந்தக் குறையும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் அதைத்தான் கூர்ந்து கவனித்துக்கொண்டிருந்தேன்.

*

கணக்கில் ஏறாமல் தடுத்து நிற்கிறவன் வேறு ஆட்டத்திலும் உண்டு. அமெரிக்காவில் ஆடுகிற கால்பந்து நம்முடையது மாதிரி இல்லை. அங்கே பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். தாக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர் நிற்பார்கள், லைன்மேன் என்று பேர். பந்தைப் பின்னால் எடுத்துக் கொடுக்கிற நடு ஆளை விட்டால் மற்ற நால்வரும் பந்தைத் தொடுவதே அபூர்வம். பந்து வைத்திருக்கிறவனை எதிரி நெருங்காமல் மூன்று, நான்கு நொடி தடுத்து நிற்பதுதான் வேலை. 136 கிலோவுக்குக் குறைந்தால் அங்கே நிற்பது சிரமம். ஓடினதற்கு, எறிந்ததற்கு, பிடித்ததற்கெல்லாம் கணக்கு உண்டு. தடுத்ததற்குக் கணக்கு எழுதுவது கடினம்.

ஆனாலும் அந்த நாட்டுத் தொழில்முறை அணிகள் இவர்களைக் கல்லூரியிலேயே தேடிப் போகின்றன. 2013-ல் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்தர டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் எரிக் பிஷர் என்ற லைன்மேன். சென்ட்ரல் மிச்சிகன் என்று அதிகம் பேசப்படாத ஒரு பல்கலைக்கழகத்தில் ஆடியவர். நாடு முழுவதும் இருக்கிற கல்லூரி ஆட்டக்காரர்களில் முதல் இடம், பந்தையே தொடாத ஒருவருக்கு. ஒவ்வொரு அசைவையும் படம்பிடித்து, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, யார் எங்கே நின்றதால் என்ன நடந்தது என்று பிரிக்கிறார்கள். பார்க்கப் பழகிய கண்ணுக்கு அந்த வெறும் கட்டம் வெறுமையாகத் தெரிவதில்லை.

நம் பையன்கள் ஆட்டத்தை யாராவது செல்போனில் எடுத்தால், அந்தக் கேமரா ரைடர் பின்னாலேயேதான் போகிறது.

கபடிக்கு எடைக்கு ஒரு வரம்பு உண்டு. ஆண்கள் ஆட்டத்தில் 85 கிலோ. ஆகவே இங்கே தடுக்கிறவன் மலையாக இருக்க முடியாது. தன்னைவிடக் கனமானவனையும் நேரத்தால் நிறுத்த வேண்டும். அதனால்தான் கவர் ஆடுகிறவனின் குணத்தை அவன் உடம்பைவிட அதிகம் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

*

தருமபுரி அருங்காட்சியகத்துக்கு ஒரு மதியம் போயிருந்தேன். அங்கே நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். தகடூர் நாடு என்று பேர் வாங்கிய இந்த மண்ணில் அவை ஏராளம். வயல் ஓரத்தில், ஏரிக்கரையில், கோயில் பின்புறத்தில் இன்னமும் நிற்பவை உண்டு. கையில் வில்லோ வாளோ பிடித்து, காலை மடக்கிப் பாய்கிற தோரணையில் ஒரு வீரன். சிலவற்றில் உடம்பில் அம்பு தைத்திருக்கும். மேலே வட்டெழுத்தில் சில வரிகள்: இந்த அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்னாருடைய ஆள், மாடு கவர்ந்தபோது மீட்டுப் பட்டான்.

மாடு பிடிக்கப் போய் இறந்தவர்களுக்கும் கல் நட்டிருக்கிறார்கள். ஆனால் மீட்கப் போய் விழுந்தவர்களுக்கு நட்டவை இங்கே நிறைய. எல்லை தாண்டி வந்து தொட்டுவிட்டு ஓடுகிறவன் ஒருவன். போகவிடாமல் குறுக்கே நிற்கிறவன் ஒருவன். கபடியின் வேர் மாடு கவரும் இந்தத் தொறுப் பூசல்களில்தான் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை, சொல்லவும் இல்லை. தடுத்தவனுக்கு ஊர் கல் எடுத்த காலம் ஒன்று இருந்தது என்பது மட்டும் மனதில் நின்றது. ஒரு ஊர் யாரை நினைவில் வைக்கிறது என்பதை அந்த ஊரே முடிவு செய்துகொள்ளலாம். இந்த ஊர் ஒரு காலத்தில் அப்படி முடிவு செய்திருக்கிறது.

*

தடுத்து நிற்பதிலேயே ஒரு வாழ்நாள் ஓட்டலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஆள் இருக்கிறார். தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டத்துத் திருக்காட்டுப்பள்ளிக்காரர், 1975-ல் பிறந்தவர். கார்னர் ஆடியவர், கணுக்கால் பிடிக்குப் பேர் போனவர்.

புரோ கபடி லீக் 2014 ஜூலையில் தொடங்கியபோது அவருக்கு 39 வயது. பெரும்பாலானவர்கள் ஆட்டத்தை விட்டு எவ்வளவோ வருடம் ஆகியிருக்கும் வயது. 2016-ல் பாட்னா பைரேட்ஸ் அணிக்கு அவர் தலைவர். அந்த ஜூலை 31-ம் தேதி ஐதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜெய்ப்பூரை 37-29 என்று வென்று கோப்பையைத் தூக்கினார். அதே வருடம் அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2019-ல், 44 வயதில், ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குத் தலைமை. அந்த அணியில் இருந்த இளைஞர்களில் பலர் அவர் ஆடத் தொடங்கியபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். வடநாட்டுப் பையன்களும் அவரை 'அண்ணா' என்றே கூப்பிட்டார்கள். 2024-ல் தமிழ் தலைவாஸ் அணிக்கு வியூகப் பயிற்சியாளராக வந்தார்.

இவ்வளவு நாள் எப்படி நின்றார் என்று யோசிப்பதுண்டு. வேகம் போன பிறகும் நேரம் போகவில்லை என்பதுதான் எனக்குத் தோன்றும் விடை. ரைடரின் மூலதனம் முதல் அடியின் வேகம், அது இருபத்தெட்டு முப்பதில் கரையத் தொடங்கும். தடுக்கிறவன் மூலதனம் எதிராளியைப் படிப்பது. அது கூடிக்கொண்டே போகிறது. முழங்கால் தாங்க வேண்டும், அது ஒன்றுதான் கவலை.

முழங்கால் என்றதும் பவன் சேராவத் நினைவுக்கு வருகிறார். 2022-ல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்த ரைடர். முதல் ஆட்டத்திலேயே குஜராத் அணியின் சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போன இடத்தில் முழங்கால் போய், அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். நாட்டிலேயே விலை உயர்ந்த பாட்டுக்காரருக்குக் காயம் பட்டது பாடப் போன இடத்தில் இல்லை; பிடிக்கப் போன இடத்தில். கவரில் தினமும் நிற்கிறவன் எதைப் பணயம் வைக்கிறான் என்பது அந்த ஒரு காட்சியில் இருக்கிறது. நம் கல்லூரிப் பையனுக்கு அப்படி ஆனால் வைத்தியச் செலவை யார் பார்ப்பது என்று கேட்டால் அணியில் யாரிடமும் தெளிவான பதில் இல்லை. முழங்காலில் சுற்றுகிற கிரேப் பேண்டேஜைத் துவைத்துக் காயப்போட்டு மறுபடி சுற்றுகிறான்.

*

இனி அவன் அப்பாவின் கேள்வி. பெங்களூரில் கட்டட வேலை. பண்டிகைக்குப் பண்டிகை ஊருக்கு வருவார். இந்த மாவட்டத்தில் பாதி வீட்டுக் கதை அது. போட்டி முடிந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்:

"ஆடறது சரிங்க சார். பையன் கெட்டுப்போவல, அது போதும். ஆனா இதுல சோறு கெடைக்குமாங்க?"

அவருக்குச் சொல்ல வேண்டும் என்றே விசாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

புரோ கபடியில் பணம் இருக்கிறது. முதல் சீசன் ஏலத்தில் அதிக விலை ராகேஷ் குமாருக்கு, 12.8 லட்சம். நான்கே வருடத்தில், 2018 ஏலத்தில், ஒரு கோடியைத் தொட்ட முதல் ஆள் ஈரானின் பசல் அட்ராச்சாலி. இடது கார்னர் ஆடுகிறவர். முதல் கோடி தடுக்கிறவனுக்குப் போனது என்று சொன்னபோது பையன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். 2023-ல் இன்னொரு ஈரானியரை, முகமதுரேசா ஷாட்லூயியை, புனேரி பல்டன் 2.35 கோடிக்கு எடுத்தது. அந்த சீசனில் புனே கோப்பையையும் வென்றது. அந்த அணியின் வலது கவரில் நின்றவர் நம் தமிழ்ப் பையன், அபினேஷ் நடராஜன். அதே வலது கவர் ஆடுகிற சுர்ஜித் சிங்கைத் தமிழ் தலைவாஸ் 2021-ல் அணித்தலைவராகவே வைத்திருந்தது. ஆக, கவர் ஆடுகிறவனுக்கு மேலே போக வழியே இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்த வழி குறுகல். ஒரு லீக்குக்குப் பன்னிரண்டு அணிகள். ஒவ்வொன்றிலும் கவருக்கு நான்கைந்து பேருக்கு மேல் தேவைப்படாது. 2023 ஏலத்தில் அடிப்படை விலை உச்சப் பிரிவில் 30 லட்சம், கடைசிப் பிரிவில் 9 லட்சம். பட்டியலில் பேர் வந்தும் எந்த அணியும் கை தூக்காமல் போனவர்கள் நூற்றுக்கணக்கில். கல்லூரியிலிருந்து நேராக அங்கே போன கதையும் உண்டு: 2022-ல் பெங்களூரில் நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டில் இறுதி ஆட்டத்துக்கு வந்த இரண்டு அணிகளிலிருந்து 24 பேரை அந்த வருட ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். அப்படி ஒரு வாசல் திறந்தால் அதன் முன்னால் நிற்க வேண்டும். அதற்குப் பல்கலைக்கழக அணியில் இடம் வேண்டும். இங்குள்ள கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. அதன் அணித் தேர்வுக்கு நான்கு மாவட்டத்துப் பையன்கள் வருவார்கள். பிறகு தென்மண்டலம், பிறகு அகில இந்தியா.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது குதிரைக் கொம்புங்க" என்றார்.

ஆமாம் என்றேன். அடுத்த வழியைச் சொன்னேன், அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் இடம் பிடித்தால் படிவம் 3 என்று ஒரு சான்றிதழ் கிடைக்கும். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அது செல்லும். தமிழ்நாட்டில் அந்த ஒதுக்கீடு 3 சதவீதம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 10 சதவீதம். ரயில்வே, வருமான வரித் துறை, வங்கிகள், ராணுவம் என்று கபடி அணி வைத்திருக்கிற இடங்களும் உண்டு. வேலையோடு ஆட்டமும் தொடரும்.

போலீஸ் என்றதும் அவர் முகம் தெளிந்தது. "ஒயரம் பத்துமாங்க?"

170 செ.மீ. வேண்டும். பையனுக்கு அதற்கு மேலேயே இருக்கிறது.

*

அவனிடம் குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் எழுதிவைக்கிறேன். களத்தில் பேச மாட்டான். கவர் பேச வேண்டிய இடம். நடுவில் நிற்பதால் இரண்டு பக்கமும் அவனுக்குத் தெரிகிறது. கார்னருக்கு முதுகுப் பக்கம் நடப்பது தெரியாது. "வெய்ட்", "லைன்", "போனஸ்" என்று ஒரு சொல் போட்டால் மற்ற ஆறு பேரும் ஒரே உடம்பாக நகர்வார்கள். இவன் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறான் போல; உதடு மட்டும் அசைகிறது.

இரண்டாவது, தன் பிடியை அவன் நம்புவதில்லை. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சியிருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு பாயிண்ட். அந்த நேரத்தில் கார்னர் கிளம்பக் காத்திருந்தால் முடியாது, காரணம் பல சமயம் கார்னரே வெளியே உட்கார்ந்திருப்பான். யாரோ ஒருவன் முதல் கையைப் போட்டாக வேண்டும். இவன் உதவிக்குப் போகப் பழகிய பழக்கத்தில் அங்கேயும் இன்னொருவனை எதிர்பார்க்கிறான். அடக்கம் நல்ல குணம்தான். ஆனால் தன் முறை வந்த பிறகும் விலகி நிற்பதை அடக்கம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இதை பி.டி. சாரிடம் சொன்னபோது அவர் வேறொன்று சொன்னார். அவனுக்குக் கீழே இரண்டு தங்கைகள். அப்பா வெளியூரில். ரேஷன் கடைக்குப் போவது முதல் மாட்டுக்குத் தண்ணி காட்டுவது வரை அவன்தான். வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டுப் பழகியவன், களத்திலும் கடைசியாகத்தான் கை நீட்டுவான் சார் என்றார். அதற்குப் பிறகு அவனைப் பார்க்கும் விதம் கொஞ்சம் மாறிவிட்டது. குணம் என்று நாம் மைதானத்தில் பார்ப்பது எங்கெங்கோ இருந்து வந்து சேர்ந்தது. அதில் எதை மாற்றச் சொல்வது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிக்க நிதானம் வேண்டும். அந்தக் காத்திருப்பு போய்விட்டால் அவனிடம் சிறப்பாக எதுவும் மிஞ்சாது.

*

பல்கலைக்கழக அணித் தேர்வு ஒரு நாளில் முடிந்துவிடும். இருநூறு பையன்கள், நான்கு தேர்வாளர்கள், ஒரு பையனுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் பாய்ந்தவனுக்குத்தான் டிக் விழும். பொய்க்கு அசையாமல் நின்றவனை யார் குறித்துக்கொள்வார்கள்? தேர்வாளர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை; அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் அவ்வளவு. ஆனால் மாவட்ட அளவிலேயே இரண்டு மூன்று ஆட்டங்களை முழுசாகப் படம்பிடித்து, ரைடரோடு ஓடாத ஒரு கேமராவை மேலே எங்காவது கட்டி, ஏழு பேரும் தெரிகிற மாதிரி எடுத்து வைத்தால் இந்தப் பையன்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. பெரிய செலவும் இல்லை. கல்லூரி மாடியிலிருந்து ஒரு செல்போனை ஸ்டாண்டில் வைத்தாலே போதும். கல்லூரியில் இதைச் சொல்லியிருக்கிறேன், அடுத்த மாதத்துக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் செய்து பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள்.

நேற்றுக் காலை பயிற்சி முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அதுவரை அவனாக வந்து பேசியதில்லை.

"கார்னருக்கு மாறிடட்டுமாணா? பாயிண்ட் அங்கதான் வருது. செலக்‌ஷன்ல பாயிண்ட்தான பாக்கறாங்க."

கேட்டது நியாயம். பல பேர் அப்படி மாறியிருக்கிறார்கள், சிலர் நன்றாகவும் வந்திருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஆடத் தெரிந்தவனை எந்த அணியும் விரும்பும். அதனால் கணுக்கால் பிடியைக் கற்றுக்கொள், தினமும் ஐம்பது தடவை போடு என்றேன். ஆனால் தேர்வுக்குக் கவராகவே போ. மூன்று பேர் மிஞ்சும்போது முதல் கை உன்னுடையதாக இருக்கட்டும். வாயைத் திறந்து கத்து; தேர்வாளருக்குக் கண் தப்பினாலும் காது தப்பாது. போலீஸ் விண்ணப்பத்தையும் போட்டு வை, இரண்டுக்கும் ஒரே ஓட்டம்தானே, 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் முடிக்கிறவனுக்குக் கபடியில் மூச்சு வாங்காது.

"கத்துனா வீட்ல எல்லாரும் சிரிப்பாங்கணா" என்றான். "எங்க அம்மா நான் பேசறதே கேட்டதில்லம்பாங்க."

களத்தில் வீடு கிடையாது, இங்கே கத்து என்றேன். எழுந்து போனான். இரண்டாவது சுற்றுப் பயிற்சியில் "லைன்" என்று ஒரு தடவை கேட்டது. இன்னும் குரல் ஏற வேண்டும். தேர்வுக்கு நாள் இருக்கிறது.